ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தை நடத்தியவர்கள் யார்?

கேள்வி: சுண்ணக்கட்டி

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தி வருகிறேன். சென்ற மாதம், சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குக் கருத்தாளராக வந்தவர், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972 முதல் 2002 வரை, முப்பது ஆண்டுகள், கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தம் கையாலேயே சோதனை செய்து அறிவியல் படித்தார்கள் என்றும், தேர்வு எழுதும்போது புத்தகத்தைத் திறந்து பார்க்க அவர்களுக்கு அனுமதி இருந்தது என்றும் சொன்னார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, "விஞ்ஞானிகள் கூடி நின்று செய்த வேலை அது, நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று உடன் வந்த ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. ஆனால் வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பேச்சு மனத்தை விட்டு அகலவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் முன்பு பணியாற்றிய பள்ளியில் அறிவியல் சோதனைப் பெட்டி ஒன்று பீரோவுக்குள் பூட்டியே இருக்கும். ஒருநாள் அதைத் திறந்து பிள்ளைகளிடம் கொடுத்தேன். இரண்டு சோதனைக் குழாய்கள் உடைந்தன. இருப்புப் பதிவேட்டில் கணக்கு இடிக்கிறது என்று என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டது. அதன்பிறகு மூன்று ஆண்டுகள் கரும்பலகையில் படம் வரைந்தே பாடம் நடத்தினேன் என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தத் திட்டத்தின் பின்னால் இருந்தவர்கள் யார்? அவர்கள் அந்த ஊர்களிலேயே தங்கினார்களா, வந்து போனார்களா? என்னைப் போன்ற ஓர் ஆசிரியருக்கு அதில் என்ன இடம் இருந்தது? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: நர்மதைக்கரை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பணி நிமித்தமாகப் போபாலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அங்கே கேட்டும் படித்தும் அறிந்தவற்றை எழுதுகிறேன். நர்மதையின் தென்கரையில் உள்ள ஹோஷங்காபாத் நகருக்கு இப்போது நர்மதாபுரம் என்று பெயர்.

தொடக்கத்தில் இரண்டு அமைப்புகள் இருந்தன. ஒன்று, குவேக்கர் கிறித்தவர்களின் வழியில் வந்த, ரசூலியாவில் இருக்கும் நண்பர்கள் கிராம மையம். மற்றொன்று, பன்கேடி வட்டாரத்தில் அனில் சத்கோபால் தொடங்கிய கிஷோர் பாரதி. சத்கோபால் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர். அந்த வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்து குடியேறினார். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு, சிலர் அங்கேயே தங்கினார்கள், பலர் வந்து போனார்கள் என்பதே நேரான விடை.

1972இல் மாநில அரசு 16 நடுநிலைப் பள்ளிகளில் மட்டும் முயன்று பார்க்க அனுமதி தந்தது. டாடா நிறுவனத்து அறிவியலாளர்களும், அவர்களைத் தொடர்ந்து தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் முறை வைத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த யஷ்பால் இந்த முயற்சிக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர். பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக இருந்தவரும், பள்ளிப் பிள்ளைகளின் சுமையைக் குறைப்பது குறித்து 1993இல் அறிக்கை அளித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 1978இல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. அதை மேலும் பரப்புவதற்கென்றே 1982இல் ஏகலவ்யா என்ற அமைப்பு உருவானது. தில்லியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த வினோத் ராய்னா பல்கலைக்கழக வேலையைத் துறந்து அதை உருவாக்கியவர்களில் ஒருவரானார். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை வடிவமைப்பதில் பங்கெடுத்த அவர் 2013இல் காலமானார்.

நீங்கள் வகுப்பில் நிற்பவர் என்பதால் இன்னொருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கான்பூர் ஐஐடியில் படித்து, புனேயில் டெல்கோ லாரித் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா, 1978இல் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வந்தார். கிராமத்து வாரச் சந்தையில் விற்கும் பொருள்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோது, சைக்கிள் சக்கரத்தின் வால்வு டியூப் அவர் கண்ணில் பட்டது. அந்த மெல்லிய ரப்பர்க் குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை இரு முனையிலும் செருகினால், வளையக்கூடிய ஒரு மூட்டு கிடைத்துவிடுகிறது. மூன்று குச்சிகளையும் மூன்று துண்டுகளையும் சேர்த்தால் முக்கோணம். அதை எப்படி அழுத்தினாலும் வடிவம் குலையாது. நான்கு குச்சிகளைச் சேர்த்தால் சதுரம். ஒரு மூலையை விரலால் தொட்டாலே அது சாய்சதுரமாகச் சரிந்துவிடும். சதுரத்தின் குறுக்கே, மூலைக்கு மூலை, சற்று நீளமான இன்னொரு குச்சியைப் பொருத்த, அது அசையாமல் நிற்கும். மின்கோபுரத்தின் சட்டங்கள் ஏன் முக்கோண முக்கோணமாக இருக்கின்றன என்பதை அதன்பிறகு ஆசிரியர் விளக்க வேண்டிய தேவையே இல்லை. இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் ஏற்றவேண்டிய பொருளும் இதில் எதுவும் இல்லை. அந்த ஓராண்டு அவர் வாழ்க்கையின் போக்கையே மாற்றிவிட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.


பதில் 2: கருவேலங்காடு

நர்மதைக்கரை ஐயா எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் திட்டத்தைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஐஐடி, கால்டெக், டாடா நிறுவனம் என்ற பெயர்களோடு அது முடிந்துவிடுகிறது. குறுவள மையத்தில் உங்கள் தோழமை ஆசிரியர்கள் மனம் தளர்ந்ததற்கும் அதுதான் காரணம் என்று கருதுகிறேன். ஆசிரியர் பயிற்சியில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்தத் திட்டத்தை முப்பது ஆண்டுகள் தாங்கி நின்றவர்கள் அந்த மாவட்டத்தின் சாதாரண அரசுப் பள்ளி ஆசிரியர்கள். அவர்களில் பலர் தாங்களே பள்ளிக்கூடத்துக்கு மேல் அறிவியல் படித்திராதவர்கள்.

அவர்கள் எப்படி உருவானார்கள் என்பதைப் பாருங்கள். கோடை விடுமுறையில் மூன்று வாரப் பயிற்சி நடக்கும். ஆண்டுக்கு ஒரு வகுப்பு என்ற கணக்கில் மூன்று கோடைகளில் 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புகளுக்குமான பயிற்சி முடியும். அங்கே விரிவுரை கேட்டுக் குறிப்பெடுப்பது கிடையாது. நாளை வகுப்பில் பிள்ளைகள் எதைச் செய்யப் போகிறார்களோ, அதையே ஆசிரியர்கள் நான்கு நான்கு பேராகத் தரையில் உட்கார்ந்து செய்வார்கள். பேராசிரியரும் அதே குழுவில் உட்கார்ந்திருப்பார். விடை வராதபோது அவரும் தெரியாது என்று சொல்வார். தெரியாது என்று ஒரு பேராசிரியர் சொல்லக் கேட்ட ஆசிரியருக்கு, தன் வகுப்பில் அதே சொல்லைச் சொல்லும் துணிவு வருகிறது. மற்ற பயிற்சிகள் பலவற்றில் நான் காணாத பொருள் அது.

பயிற்சி முடிந்ததும் அவர்களைக் கைவிட்டுவிடவில்லை. மாதம் ஒருமுறை அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். எந்தச் சோதனை சரியாக வரவில்லை, எந்தக் கேள்வி பிள்ளைகளுக்குப் புரியவில்லை, பெட்டியில் எந்தப் பொருள் தீர்ந்துவிட்டது என்பவை அங்கே பேசப்படும். அந்தப் பேச்சு மேலே போய், 'பால் வைக்ஞானிக்' (இந்தியில் 'குழந்தை விஞ்ஞானி') என்ற அவர்களுடைய பாடநூலின் திருத்தமாகத் திரும்பி வந்தது. நன்றாகத் தேறிய ஆசிரியர்களே அடுத்த ஆண்டுப் பயிற்சியில் வளநபர்களாக நின்றார்கள். நம்முடைய குறுவள மையக் கூட்டமும் வடிவத்தில் அதைப் போன்றதுதான். அங்கே ஆசிரியர் பேசினார். இங்கே பெரும்பாலும் ஆசிரியர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டு சிறிய செய்திகளைச் சொல்கிறேன். பூவைப் பிரித்து மகரந்தத் தாளையும் சூலகத்தையும் பார்ப்பதற்கு ஆய்வக ஊசி வேண்டும் என்று தொடக்கத்தில் எண்ணினார்கள். கிராமத்தில் வேலிக்கு வேலி கருவேல முள் கிடந்தது. நீளமும் கூர்மையும் உடைய அந்த முள் ஊசியின் வேலையைச் செவ்வனே செய்தது. அறிவியல் என்றால் நகரத்திலிருந்து பெட்டியில் வந்து இறங்குவது என்ற எண்ணம் அந்த முள்ளால் சற்றுத் தளர்ந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

மற்றொன்று, அளத்தல். ஒரே மேசையைப் பத்துப் பிள்ளைகள் அளந்தால் பத்து விடை வரும். பழைய வழக்கப்படி ஒன்று சரி, ஒன்பது தவறு. இங்கே அந்த ஏற்றத்தாழ்வையே ஒரு பாடமாக வைத்தார்கள். அளவு ஏன் மாறுகிறது, எவ்வளவு மாறலாம், எதை ஏற்கலாம் என்று பிள்ளைகள் விவாதிப்பார்கள். பகடை உருட்டி நிகழ்தகவைக் கண்டறியும் பாடமும் இப்படிப்பட்டதுதான்.

சவாலிராமையும் சொல்லாமல் விட முடியாது. இந்தியில் 'சவால்' என்றால் கேள்வி என்று பொருள். பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றிய எந்தக் கேள்வியையும் கடிதமாக எழுதி அனுப்புவதற்கென்று படைக்கப்பட்ட கற்பனை மனிதர் அவர். அஞ்சலில் வரும் கடிதங்களுக்கு, திட்டத்தில் இருந்தவர்கள் சவாலிராம் என்ற பெயரிலேயே விடை எழுதினார்கள். தன் பெயருக்கு ஒரு கடிதம் வருவதே ஒரு கிராமத்துக் குழந்தைக்கு எத்தனை பெரிய நிகழ்வு என்பது அஞ்சல்காரருக்காகக் காத்திருந்த என் தலைமுறைக்குத் தெரியும்.


பதில் 3: தராசு

இவ்வளவு நல்ல திட்டம் ஏன் 2002இல் நின்றது என்பதையும் சேர்த்தே பேசவேண்டும் அல்லவா? அரசு ஓர் ஆணை பிறப்பித்ததும் முப்பது ஆண்டு உழைப்பு முடிவுக்கு வந்துவிட்டது என்றால், அது வெளியிலிருந்து வந்தவர்களைச் சார்ந்தே இருந்தது என்றுதானே பொருள்? நான் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. நம் ஊரில் தொடங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.


பதில் 4: நர்மதைக்கரை

நியாயமான கேள்வி. நின்றபோது திட்டம் 15 மாவட்டங்களில் ஏறத்தாழ 1,000 பள்ளிகளில், சுமார் ஒரு லட்சம் பிள்ளைகளிடம் நடந்துகொண்டிருந்தது. மாநிலம் எங்கும் ஒரே பாடநூல்தான் இருக்கவேண்டும் என்ற வாதம் வலுத்தது. நாட்டின் பல அறிவியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் அரசு தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் வெளியாரைச் சார்ந்திருந்ததால் நின்றது என்ற முடிவை நான் ஏற்கமாட்டேன். பள்ளி அரசுடையது, சம்பளம் அரசுடையது, தேர்வும் அரசுடையது. அரசின் பள்ளிக்குள்ளேயே மாற்றம் வரவேண்டும் என்று அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு அது. தனியே பத்துப் பள்ளிகளை நடத்தியிருந்தால் இன்றும் அவை நடந்துகொண்டிருக்கலாம். ஒரு லட்சம் பிள்ளைகளை எட்டியிருக்க முடியாது. அரசோடு சேர்ந்து நடப்பவர்கள் அரசு நிற்கும் இடத்தில் நிற்க நேரும் என்பதும் அவர்கள் அறியாதது அல்ல. 1985இல் தொடங்கிய 'சக்மக்' சிறுவர் இதழும் ஏகலவ்யாவின் மற்ற வெளியீடுகளும் 2002க்குப் பிறகும் தொடர்ந்தன. பூங்கொத்தைப் போல ஒரே நாளில் வாடிப்போன முயற்சி அன்று அது.


பதில் 5: கருவேலங்காடு

தேர்வும் அரசுடையது என்று நர்மதைக்கரை ஐயா எழுதியதோடு ஒரு வரி சேர்க்கிறேன். புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வும், கையால் செய்து காட்டும் செய்முறைத் தேர்வும் இல்லாமல் இருந்திருந்தால், இந்தத் திட்டம் மூன்றாண்டுகூட நிலைத்திருக்காது. மனப்பாடத்துக்கு மதிப்பெண் உள்ளவரை, சோதனை செய்யும் ஆசிரியரைப் பெற்றோரே தடுப்பார்கள். தேர்வையும் மாற்றும் உரிமையை அரசிடமிருந்து கேட்டுப் பெற்றதுதான் அந்த முன்னோடிகள் செய்த வேலைகளிலேயே மிகப் பெரியது என்பது என் கருத்து. ஆசிரியை அம்மா, உங்களுக்கு அந்த உரிமை இப்போது இல்லை. ஆனால் பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் வளரறி மதிப்பீட்டில் ஒரு பகுதி உங்கள் கையில்தான் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.


பதில் 6: சுண்ணக்கட்டி

எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. படித்த மறுநாளே 7ஆம் வகுப்பில் கரும்பலகையின் நீளத்தை அளக்கச் சொன்னேன். 31 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு தாள், ஒருவர் அளந்ததை மற்றவர் பார்க்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. பெரும்பாலோர் 240 சென்டிமீட்டரை ஒட்டியே எழுதியிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் 226 என்று எழுதியிருந்தாள். வகுப்பு சிரித்தது. அவளை மறுபடியும் அளக்கச் சொல்லி எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். மரச்சட்டத்தை விட்டுவிட்டுக் கறுப்பு நிறம் உள்ள பகுதியை மட்டும் அவள் அளந்திருந்தாள். கரும்பலகை என்றால் சட்டமும் சேர்ந்ததா இல்லையா என்று அதன்பிறகு அரைமணி நேரம் விவாதம் நடந்தது. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று நான் கரும்பலகையில் எதையும் எழுதவே இல்லை.

அந்த 31 தாள்களையும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லப் போகிறேன். அங்கே பேச எனக்குப் பத்து நிமிடம் தருமாறு இன்று காலை தலைமை ஆசிரியர் மூலமாகக் கேட்டிருக்கிறேன். சைக்கிள் வால்வு டியூப் இப்போது எங்கள் ஊர்ச் சைக்கிள் கடையில் கிடைப்பதில்லை என்கிறார்கள். அதற்குப் பதிலாக எதைப் பயன்படுத்தலாம் என்று யாராவது செய்து பார்த்திருந்தால் தெரிவியுங்கள்.