மறு: பின்னொளிர்வில் நடப்பது ஆற்றல் பரிமாற்றமா, மடைமாற்றமா?

அரூர் ஐயாவுக்கும் ஓசூர் அக்காவுக்கும் வணக்கம்.

பின்னொளிர்வில், அதாவது விளக்கை அணைத்த பிறகும் நீடிக்கும் ஒளியில், ஒரு மூலக்கூறின் ஆற்றல் இன்னொன்றுக்குப் போவதை என்ன சொல்லால் குறிப்பது என்பதுதான் நம் பேச்சு. ‘ஆற்றல் பரிமாற்றம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று ஐயா கேட்டிருந்தார். பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது. டெக்ஸ்டர் என்ற இயற்பியலாளர் 1953இல் சொன்ன வழிக்கு அது கச்சிதம்: இரண்டு மூலக்கூறும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு நிற்க, கிளர்ந்த எலக்ட்ரான் அந்தப் பக்கம் போகும், அங்கிருந்து ஒன்று இந்தப் பக்கம் வரும். ஃபோர்ஸ்டர் என்ற அறிவியலாளர் சொன்ன இன்னொரு வழியில் எலக்ட்ரான் எதுவும் இடம் மாறுவதில்லை, ஃபோட்டான் வெளியே வந்து மறுபடி உறிஞ்சப்படுவதும் இல்லை. 1 முதல் 10 நானோமீட்டர் இடைவெளியில் ஆற்றல் மட்டும் போகிறது, தூரம் இரட்டிப்பானால் ஆற்றல் போகும் வீதம் 64இல் ஒரு பங்காகிவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள்.

அக்கா சொன்ன ‘கடத்தல்’ வேண்டாமே. வெப்பம், மின்சாரம் என்று அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. (அதோடு நம்ம மாவட்டத்தில் கடத்தல் என்றால் சந்தனக்கட்டைதான் ஞாபகம் வரும்.)

எங்கள் தர்மபுரி ஆய்வகத்தில், கேரம் போர்டுக்குப் போடுகிற போரிக் பவுடரை உருக்கி, துளி ஃப்ளோரசீன் சாயம் கலந்து ஆறவைத்த கண்ணாடி வில்லை ஒன்று இருக்கிறது. வேதியியலாளர் லூயிசும் கூட்டாளிகளும் 1941இல் மும்மை நிலையை (triplet, கிளர்ந்த ஆற்றல் சட்டென வெளியேறாமல் தங்கும் நிலை) துருவியதும் இதே கலவையை வைத்துத்தான். கள்ளநோட்டு பார்க்கும் யூவி டார்ச்சை அடித்து அணைத்தால், பச்சை வெளிச்சம் கொஞ்ச நேரம் நின்று மங்கும். உடனே ஒரு பையன், “சிவப்பா எரியாதா சார்?” என்பான். அதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு இந்தச் சொல் வேண்டும்.

என் பரிந்துரை ‘மடைமாற்றம்’. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பாசனத்தில் மண்வெட்டியால் மடையைத் திருப்புவது போலத்தான், தண்ணீர் அதே தண்ணீர், பாயும் வயல் வேறு. வழங்கி, அதாவது ஆற்றலைக் கொடுக்கும் மூலக்கூறு, அதை மும்மை நிலையில் பிடித்து வைத்திருக்கும். சும்மா விட்டால் தன் நிறத்திலேயே மெதுவாக ஒளிர்ந்து தீர்த்துவிடும். பக்கத்தில் ஒரு சாயம் இருந்து, வழங்கி உமிழும் அலைநீளமும் சாயம் உறிஞ்சும் அலைநீளமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால், ஆற்றல் அந்தச் சாயத்தின் ஒற்றை நிலைக்கு (singlet, சட்டென ஒளிரும் கிளர்ந்த நிலை) திருப்பிவிடப்படுகிறது. தனியாக இருந்தால் நானோநொடிகளில் அணைகிற சாயம்தான் அது, ஆனால் வழங்கி நிதானமாகக் கொடுப்பதால் விளக்கை அணைத்த பிறகும் தன் சிவப்பிலோ மஞ்சளிலோ நொடிக்கணக்கில் ஒளிரும்.

> தம்பி, ‘நிதி மடைமாற்றம்’ என்று பேப்பரில் வருகிறதே, திருட்டு வாடை அடிக்காதா?

அடிக்கட்டும் ஐயா, வழங்கியின் ஒளியைச் சாயம் தட்டிக்கொண்டுதானே போகிறது!

> சரி, ஃபோர்ஸ்டருக்கு மடைமாற்றம், டெக்ஸ்டருக்குப் பரிமாற்றம், ஒப்புக்கொள்கிறேன். 2017இல் கியூஷு பல்கலைக்கழகத்தில் கரிமக் கலவை ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒளிரவைத்தார்களே, அது எதில் சேரும்?

இரண்டிலும் சேராது ஐயா. அங்கே மின்னூட்டங்கள் பிரிந்துபோய், அப்புறம் ஒவ்வொன்றாக மறுபடி சேரும்போதுதான் வெளிச்சம் வருகிறது. அதற்கு ‘மறுசேர்க்கை’யே போதும் என்று நினைக்கிறேன். அக்கா என்ன சொல்கிறீர்கள்?