அப்புச்சியின் ஆல்பத்தில் உள்ள 'வேர்ல்டு' வாசல் எந்த ஊர்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவின் தந்தை, எங்கள் வழக்கில் அப்புச்சி, 1950களில் இங்கிருந்து சிங்கப்பூருக்குப் போய், செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் பிட்டராக வேலை பார்த்து, பிரிட்டிஷ் படைகள் 1971இல் வெளியேறிய சமயத்தில் ஊர் திரும்பியவர். அவருடைய கறுப்புத் தாள் ஆல்பத்தில் பெரும்பாலான படங்களுக்குக் கீழே ஊரும் பெயரும் எழுதியிருக்கிறார். நான்கு படங்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை, அவற்றைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் யாரும் இப்போது வீட்டில் இல்லை.

முதல் படம் ஒரு சதுக்கம். நடுவில் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. பின்னால் உள்ள பெரிய கடையின் பெயர்ப் பலகையில் 'ன்சன்ஸ்' என்று முடியும் பகுதி மட்டும் தெரிகிறது. இரண்டாவது ஒரு கடலோரச் சாலை. கனமான தூண்கள் வரிசையாக நிற்கும் மாளிகை ஒன்று, அதே கரையில் சற்றுத் தள்ளி மற்ற எல்லாவற்றையும் விட உயரமான இன்னொரு கட்டடம், சாலைக்கு மேல் இணையாக ஓடும் இரட்டைக் கம்பிகள். மூன்றாவது இரவில் எடுத்தது. விளக்குகள் பதித்த வளைவு வாசலில் 'வேர்ல்டு' என்ற சொல் தெளிவாக இருக்கிறது, அதற்கு முந்தைய சொல் வெளிச்சத்தில் கரைந்துவிட்டது. வாசலருகே ஒரு காரும் ஒரு மூன்று சக்கர ரிக்ஷாவும் நிற்கின்றன. நான்காவது ஒரு நடன மண்டபத்தின் உட்புறம்: மேடையில் வாத்தியக்காரர்கள், ஓரத்தில் நாற்காலிகளில் வரிசையாகப் பெண்கள், நடுவில் ஆடும் ஜோடிகள். அப்புச்சி ஒரு மேசையில் நண்பர்களுடன் உட்கார்ந்திருக்கிறார்.

பேரக்குழந்தைகளுக்காக இந்த ஆல்பத்தை ஒரு புத்தகமாக அச்சிட்டுக் கொடுக்க நினைக்கிறோம். நான்காவது படத்தைச் சேர்த்தால் பெரியவர் பெயருக்கு இழுக்கு வந்துவிடும் என்று என் பெரியம்மா சொல்கிறார். எனக்கு அதை விட்டுவிட மனமில்லை. இடம் எது என்று தெரிந்தால் அவரிடம் விளக்கிச் சொல்ல வசதியாக இருக்கும்.

மறுமொழி 1 (நகரி, ஆந்திர எல்லை)

முதல் இரண்டு படங்களுக்கு உங்கள் வர்ணனையே போதும், இரண்டும் சிங்கப்பூர்தான்.

சதுக்கம் ராபிள்ஸ் பிளேஸ். பலகையில் பாதி தெரிவது ராபின்சன்ஸ். ஊரிலேயே பெரிய துணிமணிக் கடைகளில் ஒன்றாக இருந்த அது 1972 நவம்பரில் தீப்பிடித்து எரிந்து, ஒன்பது பேர் இறந்துபோனார்கள். கார்கள் தரைமட்டத்தில் நிற்பதும் ஒரு முக்கியமான தடயம். 1960களின் நடுவில் அந்தச் சதுக்கத்துக்கு அடியில் நிலவறைக் கார் நிறுத்தம் கட்டி, மேலே பூங்கா அமைத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் படம் அதற்கு முந்தையது.

கடலோரச் சாலைப் படத்தில் தூண்கள் உள்ளது 1928இல் கட்டி முடித்த புல்லர்ட்டன் கட்டடம். அப்போது அது பெரிய தபால் நிலையம், இப்போது ஹோட்டல். உயரமான கட்டடம் 1955இல் எழுந்த ஆசியா இன்சூரன்ஸ் கட்டடமாக இருக்க வேண்டும். இரட்டைக் கம்பிகள் டிராலி பஸ்ஸுக்கு உரியவை. தண்டவாளத்தில் ஓடிய டிராமுக்கு ஒற்றைக் கம்பி போதும். ரப்பர் சக்கரத்தில் ஓடிய டிராலி பஸ்ஸுக்கு மின்சாரம் வரவும் திரும்பவும் இரண்டு தேவை. சிங்கப்பூரில் டிராலி பஸ் 1962இல் நின்றுவிட்டது. கம்பிகளைக் கழற்றக் கொஞ்ச காலம் ஆகியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், இந்தப் படம் 1955க்கும் 1960களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது என்று துணிந்து எழுதலாம்.

சென்னையின் பழைய படங்களையும் நாங்கள் இப்படித்தான் வரிசைப்படுத்துகிறோம். மவுன்ட் ரோடு படத்தில் டிராம் இருந்தால் அது 1953க்கு முந்தையது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் முழுசாக நின்றால் 1985ஆம் ஆண்டுத் தீக்கு முந்தையது.

மறுமொழி 2 (பாறசாலை, திருவனந்தபுரம் மாவட்டம்)

மூன்றாவது படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் 'வேர்ல்டு' என்று பார்த்தவுடன் பலரும் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் 'வேர்ல்டு' என்று முடியும் கேளிக்கைப் பூங்காக்கள் மூன்று இருந்தன. ஜலான் புசாரில் நியூ வேர்ல்டு 1923இல் வந்தது, கிம் செங் சாலையில் கிரேட் வேர்ல்டு 1930களின் தொடக்கத்தில் வந்தது, கேலாங் பக்கம் ஹாப்பி வேர்ல்டு 1930களின் பிற்பகுதியில் வந்தது. 1952இல் தாமஸ் கோப்பை இறுதியாட்டம் நடந்த அரங்கம் ஹாப்பி வேர்ல்டில்தான் இருந்தது. 1960களில் அதன் பெயர் கே வேர்ல்டு என்று மாறியது. நியூ வேர்ல்டு சிராங்கூன் சாலைக்குப் பக்கத்திலேயே இருந்ததால், நம் ஆட்கள் சம்பள நாள் மாலையில் கோவிலுக்குப் போய்விட்டு நடந்தே அங்கே போய்விடலாம். அதனால் தமிழ்க் குடும்பங்களின் ஆல்பங்களில் 'வேர்ல்டு' என்றிருந்தால் அது அந்த இடம்தான் என்று வழக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பூங்காவின் பழைய வாசல் வளைவு இன்றும் சிட்டி ஸ்குவேர் மால் அருகே பாதுகாக்கப்பட்டு நிற்கிறது, அதன் படங்கள் எளிதாகக் கிடைக்கும். உங்கள் படத்தை முதலில் அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வாசல்களுக்கு அடிக்கடி வர்ணமும் விளக்கும் மாற்றுவார்கள் என்பதால் அலங்காரத்தைப் பார்க்க வேண்டாம். தூண்களின் எண்ணிக்கை, வளைவின் வடிவம், இருபுறச் சுவர் எங்கே சேர்கிறது என்பதைப் பாருங்கள்.

ஆனால் வாசலை விட எனக்கு அந்த ரிக்ஷாதான் முக்கியம். பயணி எங்கே உட்காரும்படி அது அமைந்திருக்கிறது? சிங்கப்பூரின் மூன்று சக்கர ரிக்ஷாவில் இருக்கை ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருக்கும், மோட்டார் சைக்கிளோடு பக்கவண்டி பூட்டியதைப் போல. பினாங்கில் அப்படி இல்லை: இருக்கை முன்னால், ஓட்டுபவர் பின்னாலிருந்து மிதிப்பார். பினாங்கில், ஜார்ஜ் டவுனின் சுவாத்தோ லேனிலும் நியூ வேர்ல்டு என்ற பெயரில் ஒரு பூங்கா இருந்தது. பெயர் ஒன்று, ஊர் வேறு.

காரின் நம்பர் பிளேட்டையும் பாருங்கள். சிங்கப்பூர் வண்டிகளின் எண் 'எஸ்' எழுத்தில் தொடங்கும், பினாங்கு வண்டிகளுடையது 'பி', ஜொகூருடையது 'ஜே', பேராக்குடையது 'ஏ'. படத்தை ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டாம். பசை போட்டு ஒட்டியிருந்தால் பக்கத்தோடு சேர்த்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கணினியில் பிளேட்டை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். மூலைக் கொக்கிகளில் செருகியிருந்தால் மெதுவாக வெளியே எடுத்துப் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரை ஏதாவது இருக்கலாம்.

மறுமொழி 3 (குமுளி, இடுக்கி மாவட்டம்)

நடன மண்டபத்தைப் பற்றிச் சொல்கிறேன். தெருவில் எடுத்த படத்தில் பலகை, வண்டி, விளக்குக் கம்பம் என்று பத்துச் சாட்சிகள் கிடைக்கும். இரவு விடுதியின் உட்புறம் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதால், அங்கே மிகச் சிறிய பொருள்களை நம்ப வேண்டியிருக்கிறது.

முதலில், படம் சரியான பக்கமாக அச்சாகியிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட படங்கள் பழைய ஆல்பங்களில் நிறைய உண்டு. ஆண்களின் சட்டைப்பை அணிந்தவரின் இடது மார்பில் இருக்க வேண்டும். டிரம்பெட் வாசிப்பவர் வலது கை விரல்களால்தான் அதன் கட்டைகளை அழுத்துவார். எல்லாமே இடவலமாக மாறியிருந்தால் ஸ்கேனைத் திருப்பிப் போடுங்கள். அதுவரை கிறுக்கலாகத் தெரிந்த எழுத்துகள் படிக்கக் கிடைக்கலாம். அடுத்து, பெரிய டிரம்மின் முகப்புத் தோலைப் பாருங்கள். குழுவின் பெயரையோ மண்டபத்தின் பெயரையோ அதில் எழுதும் வழக்கம் அன்று பரவலாக இருந்தது. இசைத்தாள் வைக்கும் தாங்கிகளின் முன்பலகையிலும் எழுதுவார்கள். மேசைமேல் சாம்பல் கிண்ணமோ தீப்பெட்டியோ இருந்தால் அவற்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். படம் மடிப்பு அட்டைக்குள் இருந்ததா என்றும் தேடுங்கள். விடுதிகளில் மேசை மேசையாகச் சுற்றிவரும் போட்டோக்காரர்கள், விடுதியின் பெயர் அச்சிட்ட அட்டையில் வைத்துப் படத்தை விற்பது வழக்கம்.

உங்கள் பெரியம்மாவிடம் சொல்வதற்கு ஒரு செய்தி. ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள், சீட்டு வாங்கி வருபவர்களோடு ஒரு பாட்டுக்கு ஆடுவதைத் தொழிலாகச் செய்தவர்கள். கபரே என்று அங்கே சொன்னது பெரும்பாலும் அந்த மண்டபத்தைத்தான். அந்தப் பூங்காக்கள் கபரேக்காக மட்டும் இருந்தவையும் அல்ல. அதே வளாகத்தில் சினிமாக் கொட்டகை, மலாய் பங்சாவான் நாடகம், சீன ஓபரா, ராட்டினம், தின்பண்டக் கடைகள் எல்லாம் இருந்தன. கிங் காங், தாரா சிங் போன்ற மல்லர்களைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. குடும்பம் குடும்பமாகப் போன இடம் அது. கப்பல் பட்டறையில் வாரமெல்லாம் இரும்போடு போராடிய ஒருவர், தன் கூட்டாளிகளோடு நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஒரு மேசையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டதில் எந்த இழுக்கும் இல்லை. அந்தப் படத்தை நீக்கினால் பேரக்குழந்தைகளுக்குக் கிடைப்பது அவருடைய வேலை நேரம் மட்டுமே.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்கேன் செய்து பார்த்தேன். ரிக்ஷாவின் இருக்கை ஓட்டுபவருக்கு முன்னால்தான் இருக்கிறது, முன் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பதும் இப்போது தெரிகிறது. காரின் பிளேட்டில் கடைசி எண்கள் மங்கலாக இருந்தாலும் முதல் எழுத்து 'பி' என்பதில் ஐயமில்லை. பாதுகாத்து வைத்துள்ள சிங்கப்பூர் வளைவோடும் இந்த வாசல் ஒத்துப்போகவில்லை.

நடன மண்டபப் படத்தில் எல்லா ஆண்களின் சட்டைப்பையும் வலப்புறம் இருந்தது! திருப்பிப் போட்டவுடன் டிரம்மின் தோலில் 'கபரே' என்ற சொல் படிக்கக் கிடைத்தது. அதற்கு முந்தைய சொல்லை வாத்தியக்காரரின் முழங்கால் மறைக்கிறது. பெரியம்மாவிடம் குமுளி அம்மா எழுதியதை வாசித்துக் காட்டினேன். தாரா சிங் பெயரைக் கேட்டதும், அப்புச்சி அவருடைய மல்யுத்தத்தை நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தது தனக்கும் நினைவிருக்கிறது என்றார். படம் புத்தகத்தில் இருக்கும்.

ஒரு கேள்வி பாக்கி. அப்புச்சியின் வேலை முழுக்கச் சிங்கப்பூரில்தான். பினாங்குக்கு எப்படிப் போயிருப்பார்?

மறுமொழி 2 (பாறசாலை)

கப்பல்தான் காரணமாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஆட்கள் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஏறிய ரஜூலா, நேராகச் சிங்கப்பூர் போவதில்லை. முதலில் பினாங்கு, பிறகு இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம், கடைசியில்தான் சிங்கப்பூர். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை இந்தத் தடத்தில் ஓடியது. பினாங்கில் ஆட்களையும் சரக்கையும் இறக்கும் நேரத்தில் கரைக்குப் போய்வர வாய்ப்புக் கிடைத்திருக்கலாம், விடுப்பில் ஊருக்கு வரும்போது அங்கே உறவினர் வீட்டில் தங்கியிருக்கவும் கூடும். அவருடைய பழைய பாஸ்போர்ட் வீட்டில் இருந்தால் அதிலுள்ள முத்திரைத் தேதிகளைப் பாருங்கள்; பினாங்கு முத்திரை இருந்தால் படத்தின் ஆண்டுகூடக் கிடைத்துவிடும்.

நடன மண்டபம் எந்த ஊர் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். மூன்றாவது படத்துக்கு அடுத்து ஒட்டியிருப்பதாலேயே அதுவும் பினாங்கு என்று ஆகிவிடாது. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. ஆங்கில நாளிதழ்களில் கபரே விளம்பரங்கள் வாத்தியக் குழுவின் பெயரோடு வந்தன, சிலவற்றில் படமும் இருக்கும். மேடையின் பின்திரை, தூண்களின் அமைப்பு ஆகியவற்றை அவற்றோடு ஒப்பிடுங்கள். அதுவரை அச்சுப் புத்தகத்தில் 'நடன மண்டபம், சிங்கப்பூர் அல்லது பினாங்கு' என்று மட்டும் போடுங்கள். வாசல் படத்தின் கீழே 'நியூ வேர்ல்டு, பினாங்கு' என்று தாராளமாக எழுதலாம். மூலப்படங்களின் பின்புறம் எழுதுவதாக இருந்தால் மென்மையான பென்சிலைப் பயன்படுத்துங்கள், பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் சில ஆண்டுகளில் முன்பக்கம் வரை தெரியத் தொடங்கிவிடும்.