உள்ளுணர்வு குருடு என்று காண்ட் சொன்னாரா? ஜெர்மன் தத்துவத்தை மொழிபெயர்ப்பில் படித்த அனுபவங்கள்

கிழிந்தஅட்டை

ரொம்ப வருஷமாக உறுத்துகிற ஒன்றை எழுதிவிடுகிறேன். இங்கே வருகிறவர்களுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவவாதி காண்ட் யாரென்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, அதனால் நேராக விஷயம்.

2009. பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில் 120 ரூபாய்க்கு அவருடைய பெரிய புத்தகம் ‘தூய பகுத்தறிவின் விமர்சனம்’ கிடைத்தது. கெம்ப் ஸ்மித் 1929இல் கொண்டுவந்த ஆங்கிலப் பதிப்பு, பாதி அட்டை இல்லை. வேளச்சேரி ரயிலில் பென்சிலும் கையுமாக நாளுக்கு இரண்டு பக்கம் படிப்பேன். ‘டிரான்சென்டென்டல் எஸ்தெட்டிக்’ என்ற தலைப்பைப் பார்த்து அழகியல் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வந்தது இடமும் காலமும். சரி, போகட்டும். அந்தப் பகுதி முழுக்க ‘இன்டியூஷன்’ என்று ஒரு சொல் விடாமல் வரும். அதற்கு எனக்குத் தெரிந்த தமிழ் ஒன்றுதான், உள்ளுணர்வு. அகராதியிலும் அப்படித்தான் இருந்தது. பொருள்களோடு நமக்கு நேரடித் தொடர்பு உள்ளுணர்வு மூலமாகத்தான் என்கிறார் இந்த மனுஷர் என்று முப்பது பக்கம் தலையாட்டிக்கொண்டே படித்தேன். சித்தர் மாதிரி பேசுகிறாரே என்று மரியாதை வேறு.

அப்புறம் அந்த வரி, ஓரத்துப் பக்க எண் ஏ51/பி75. உள்ளடக்கம் இல்லாத எண்ணங்கள் வெறுமை, கருத்துகள் இல்லாத இன்டியூஷன்கள் குருடு. இரண்டு கோடு போட்டு, ஓரத்தில் தமிழில் எழுதி வைத்தேன்: ‘வெறும் உள்ளுணர்வு குருடு.’

அந்த வாரம் வீட்டில் மனை வாங்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கிரவுண்ட். விற்கிறவர் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார். டம்ளரை எடுக்க வந்த அக்கா, “எனக்கு என்னமோ சரியாப் படலைடா. வில்லங்கம் பத்திக் கேட்டது நான். அவர் அப்பாவைப் பாத்தே பதில் சொல்றார்” என்றாள். நான் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, “வெறும் உள்ளுணர்வு குருடுக்கா. நான் சொல்லல, காண்ட் சொல்றார்” என்றேன். அவளுக்குக் காண்டைத் தெரியாது. தம்பி பெரிய புத்தகமெல்லாம் படிக்கிறவன் என்பது மட்டும் தெரியும். டம்ளரோடு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த மனையைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஜெர்மன் படித்த நண்பர் ஒருவர் சொன்னார், மூலத்தில் இருப்பது ‘அன்ஷவுங்’, அதாவது பார்ப்பது என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். சிவஞான சித்தியாரில் அளவைகளை, அதாவது அறிவு பெறும் வழிகளை, எண்ணும்போது ‘காண்டல்’ என்று முதலில் வருமே, அதற்குத்தான் கிட்டத்தில் நிற்கிறது. குருடு என்று சொன்னதன் நயமே அப்போதுதான் புரிந்தது. கண் திறந்திருக்கிறது, ஆனால் என்ன பார்க்கிறோம் என்று தெரியவில்லை. அக்கா சொன்னது அது இல்லையே. அவள் பார்த்தாள், பார்த்தது என்ன என்றும் தெரிந்திருந்தது.

உங்களுக்கு இப்படி ஏதாவது?

பத்திஎண்

எங்கள் ஹாஸ்டல் கதை. காண்டுக்கு அடுத்து வந்த ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் 1807 புத்தகம் ‘ஃபினாமினாலஜி’. என்னிடம் பெய்லியின் 1910 மொழிபெயர்ப்பு, தலைப்பில் ‘மைண்ட்’. அறைத்தோழனிடம் மில்லரின் 1977 மொழிபெயர்ப்பு, தலைப்பில் ‘ஸ்பிரிட்’. அவனுடையதில் பத்திகளுக்கு எண் உண்டு, 808 வரை போகும். என்னுடையதில் கிடையாது. அவன் ஒரு எண்ணைச் சொன்னால் அந்த இடத்தை நான் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகும். கண்டுபிடித்தபின் சண்டை. நான் ‘மனம்’ என்பேன், அவன் ‘ஆவி’ என்பான். மனம் எப்படி வரலாற்றில் நடந்து வரும் என்று அவன், ஆவி எப்படித் தன்னைத் தானே அறியும் என்று நான். ஒரு ராத்திரி மெஸ்ஸில் சாப்பிடும்போதும் விடவில்லை. “ஆவிதான்டா எல்லாத்தையும் ஆட்டி வைக்குது” என்று அவன் கத்த, சாம்பார் வாளியோடு நின்ற அண்ணன் குரலைத் தாழ்த்தி, “எந்த ரூம்ல தம்பி?” என்றார்.

ஜெர்மனில் இரண்டும் ஒரே சொல், ‘கைஸ்ட்’. பேயையும் அதே சொல்லால் சொல்வார்களாம். அண்ணனின் கேள்வியில் தப்பே இல்லை.

மூன்றாம்வரிசை

நான் 1998இல் மெக்கில்ஜானின் 1855 மொழிபெயர்ப்பை நூலகத்திலிருந்து எடுத்துப் பாதியில் திருப்பிக் கொடுத்தேன். அபராதம் 14 ரூபாய். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் கிழிந்தஅட்டை எழுதியதில் ஒன்று சரியில்லை. கெம்ப் ஸ்மித் தலையில் பழியைப் போடுகிற மாதிரி இருக்கிறது. ‘இன்டியூஷன்’ வந்த லத்தீன் வினைக்கும் உற்றுப் பார்ப்பது என்றுதான் பொருள். காண்ட் 1770இல் பேராசிரியர் பதவிக்காக லத்தீனில் எழுதிய ஆய்வுரையில் ‘இன்ட்யூயிட்டஸ்’ என்றே எழுதுகிறார். விமர்சனத்திலேயே ஓரிடத்தில் (ஏ320) அந்த லத்தீன் சொல்லைப் போட்டுக் காட்டுகிறார். ஆக ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் காண்டின் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு ஆங்கிலப் பேச்சுவழக்கில் அது வேறு பக்கம் போய்விட்டது, நீங்கள் அந்தப் பேச்சுவழக்கைத் தமிழில் இறக்கினீர்கள்.

இனி படிக்கப் போகிறவர்களுக்கு. விமர்சனத்தை முதலில் தொடாதீர்கள். 1781இல் முதல் பதிப்பு வந்ததும் யாருக்கும் புரியவில்லை. 1782இல் கோட்டிங்கனில் வந்த மதிப்புரை இதை, பொருள்கள் மனதில்தான் இருக்கின்றன என்ற பெர்க்லியின் கருத்துவாதத்தோடு சேர்த்துப் பேசியதில் காண்டுக்குக் கடுங்கோபம். அந்தக் கோபம் தெரிகிற சின்னப் புத்தகம் ‘ப்ரோலெகோமினா’, 1783. அதிலிருந்து தொடங்குங்கள். விமர்சனத்துக்கு வரும்போது ஓரத்தில் ஏ, பி எண்கள் இருக்கிற பதிப்பாகப் பாருங்கள். ஏ என்றால் 1781, பி என்றால் 1787. மனதின் அடிப்படைக் கருத்துகள் அனுபவத்துக்கு ஏன் பொருந்தும் என்று நிறுவுகிற ‘டிடக்‌ஷன்’ பகுதியை இரண்டாம் பதிப்புக்காக அவர் முழுதாகத் திருப்பி எழுதினார், இரண்டையும் படிக்க வேண்டும். கய்யர், உட் இருவரும் சேர்ந்து செய்த 1998 பதிப்பு வாங்கலாம். கெம்ப் ஸ்மித் ‘நாலெட்ஜ்’ என்று போட்ட இடத்தில் அவர்கள் ‘காக்னிஷன்’ என்று போடுவார்கள், பயப்படாதீர்கள், மூலத்தில் ஒரே சொல்தான். ப்ளூஹாரின் 1996 பதிப்பில் ‘ப்ரசென்டேஷன்’ என்று வருவது மற்றவர்களின் ‘ரெப்ரசென்டேஷன்’. ஒரு நோட்டில் மூன்று பத்தி கட்டி ஜெர்மன் சொல், ஆங்கிலம் ஒன்று, ஆங்கிலம் இரண்டு என்று எழுதி வாருங்கள். தமிழ்ச் சொல்லை நூறு பக்கம் தாண்டும்வரை எழுதாதீர்கள். பென்சில் கோடு வேண்டாம், கோடு போட்ட வரிதான் தப்பாக நினைவில் நிற்கும். காலை வேளை நல்லது. தயவுசெய்து ரயிலில் படிக்காதீர்கள்.

கிழிந்தஅட்டை

மூன்றாம்வரிசை, நீங்கள் பாதியில் திருப்பிக் கொடுத்த புத்தகத்துக்கு இவ்வளவு விதிமுறையா? எனக்கு ரயிலை விட்டால் நேரம் கிடையாது. லத்தீன் விவரத்துக்கு நன்றி, அது எனக்குப் புதுசு. ஆனால் கெம்ப் ஸ்மித்தை நான் எங்கே திட்டினேன்?

ரூர்க்காரன்

நான் ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறேன். 1986இல் 14 வயதில் தனியாக வந்து இறங்கினேன். எழுத வந்தது காண்ட் பற்றித்தான், ஆனால் பெரிய புத்தகம் இல்லை. ‘அறிவொளி என்றால் என்ன’ என்று பெர்லின் மாத இதழில் 1784 டிசம்பரில் எழுதினாரே, அந்தச் சின்னக் கட்டுரை.

லண்டனில் இருக்கும் மச்சான் ஒரு ஆங்கிலப் புத்தகம் தந்தார், அதில்தான் முதலில் வாசித்தேன். முதல் வரியில் ‘இம்மெச்சூரிட்டி’ என்று இருந்தது. மனிதன் தானே தேடிக்கொண்ட முதிர்ச்சியின்மையிலிருந்து வெளியே வருவது அறிவொளி. ஏதோ பெரியவர் புத்தி சொல்கிறார் என்று மூடி வைத்துவிட்டேன்.

போன வருசம் மகளுக்கு அது பள்ளிக்கூடப் பாடம். அவள் கணினியில் ஜெர்மன் மூலம் திறந்து கிடந்தது. தேத்தண்ணி கொடுக்கப் போனவன் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். முதல் வரியில் ‘உன்முண்டிக்கைட்’. கொஞ்சம் கீழே ‘ஃபோர்முண்ட்’. இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள், தத்துவத்தால் அல்ல. நான் வந்த வருசம் எனக்கென்று நீதிமன்றம் ஒரு ஃபோர்முண்டை நியமித்தது. பராயமடையாத பிள்ளைக்குச் சட்டப்படி கையெழுத்து வைக்கிற ஆள். பள்ளிக்கூடத்தில் சேர, பல் பிடுங்க, எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்து வேண்டும். நல்ல மனுசன். ஆனால் என்னைப் பற்றி என் முன்னாலேயே மற்றவர்களிடம் கதைப்பார், நான் பக்கத்துக் கதிரையில் இருப்பேன்.

காண்ட் அந்தச் சொல்லைத்தான் எடுத்திருக்கிறார். வயது வந்தவர்களும் தங்களுக்கு ஒரு ஃபோர்முண்டை வைத்துக்கொண்டு, கையெழுத்தை அவரிடமே விட்டுவிட்டுச் சுகமாக இருக்கிறார்கள் என்கிறார். ஃபோர்முண்ட் என்றால் நம் வாய்க்கு முன்னால் நிற்கிற வாய் என்று நான் நினைத்துக்கொள்வேன், ‘முண்ட்’ என்றால் வாய்.

இன்னொன்று. அந்தப் பாதுகாவலர்கள் மனிதர்களை ஒரு வண்டிக்குள் அடைத்து, அதை விட்டு ஓரடி வைக்க விடமாட்டார்கள் என்று வரும். நான் வாசித்த ஆங்கிலத்தில் அது குழந்தையை இழுத்துப் பிடிக்கிற கயிறு ஆகியிருந்தது. மூலத்தில் ‘கெங்கல்வாகன்’. மகள் படம் தேடிக் காட்டினாள். அட, நடைவண்டி! எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா செய்து தந்தது போலவே, மரத்தில். அதற்கு எங்களிடம் சொல் இருக்கிறது, ஆங்கிலத்தில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

மகளுக்கு 17 முடிகிறது. “அப்பா, அடுத்த வருசம் உங்கட கையெழுத்து எனக்குத் தேவையில்லை” என்றாள்.

மூன்றாம்வரிசை

ரூர்க்காரன், அருமை. ஒரே ஒரு திருத்தம். அதில் வரும் ‘முண்ட்’ வாய் இல்லை. ‘முண்ட்’ என்றே ஒலிக்கும் வேறொரு பழைய ஜெர்மானியச் சட்டச் சொல், பாதுகாப்பு, காவல் அதிகாரம் என்று பொருள். ஜெர்மன்காரர்களே வாய் என்றுதான் நினைப்பார்கள்.

ரூர்க்காரன்

சரி அண்ணை, இருக்கட்டும். ஆனால் அவர் என் வாய்க்கு முன்னால் நின்றது உண்மை.

புத்தகப்புழு_இல்லை

இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவரை யாரும் சொல்லவில்லையே. அவருடைய பெரிய புத்தகத்துக்குப் பெய்ன் 1958இல் செய்த இரண்டு தொகுதி ஆங்கிலம் என்னிடம் உண்டு. முதல் தொகுதியின் நாலாம் பாகத்தில் திடீரென்று ‘தத் த்வம் அஸி’ (நீயே அது) என்ற உபநிடத வாக்கியம் வந்து நின்றது. பக்கத்தில் தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். “இதுக்கா அவ்வளவு காசு கொடுத்தே? நம்ம ஊர் சரக்கை அங்க போய் வாங்கிண்டு வரியா?” என்றார்.

அது வந்த வழியைச் சொல்லிப் பார்த்தேன். முகலாய இளவரசர் தாரா ஷிகோ 1657இல் உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்க்க வைத்தார், அதை ஆன்கெத்தில் துப்பெரோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1801–02இல் லத்தீனில் போட்டார், அந்த லத்தீனைத்தான் ஷோப்பன்ஹவர் தன் வாழ்வின் ஆறுதல் என்றும் சாவின் ஆறுதலாகவும் இருக்கும் என்றும் எழுதினார். அதை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்தில் பெய்ன், ஆங்கிலத்திலிருந்து தமிழில் நான். தாத்தா விரல் விட்டு எண்ணிவிட்டு, “இத்தனை கை மாறியும் கெடாம வந்திருக்கே, அதுதான் ஆச்சரியம்” என்றார். ஆனால் மனுஷர் தன் நாய்க்கு ஆத்மா என்று பெயர் வைத்திருந்தார் என்றதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

பத்திஎண்

கெடாமல் வந்ததா? உங்கள் தாத்தா ரொம்ப நல்லவர். அந்த லத்தீனில் அந்த மகாவாக்கியம் ‘தாத்தூமெஸ்’ என்று ஆகிக் கிடந்தது. சரியான வடிவம் எது என்று ஷோப்பன்ஹவரே பக்கத்தில் குறிப்பிட வேண்டியிருந்தது. சாரம் வந்து சேர்ந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சும்மா_எட்டிப்பார்த்தவன்

எனக்குத் தத்துவமெல்லாம் தெரியாது. எல்லோரும் என்னென்னவோ பேசுகிறீர்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தச் செங்கல்பட்டு மனை என்ன ஆச்சு சார்?

கிழிந்தஅட்டை

அதை எழுதாமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். பத்திரம் பதிந்து எட்டு மாதத்தில் நோட்டீஸ் வந்தது. விற்றவருக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறார். அவரிடம் கையெழுத்தே வாங்கவில்லை. பாகம் கேட்டு வழக்குப் போட்டுவிட்டார், இன்னும் வாய்தாதான். கேஸ் கட்டை அக்காதான் வைத்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அவள்தான் வக்கீலைப் பார்க்கப் போகிறாள்.

போன தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தபோது அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துப் போய் ஓரத்தில் எழுதியிருந்ததைக் காட்டி, காண்ட் சொன்னது வேறு, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கையெழுத்தைப் படித்தாள். அப்புறம், “அவர் பாவம்டா, அவரை எதுக்கு இதுல இழுக்கறே?” என்றாள்.