புதுப்பிப்பு: ஈய நஞ்சும் சியோலைட் தூளும்

உடைந்த பற்றரியின் தகடுகளை நக்கிய மாடுகளுக்கு ஈய நஞ்சு ஏறியதையும், தீவனத்தில் சியோலைட் என்னும் நுண்துளைக் கனிமத்தின் தூளைக் கலந்து பார்க்கப்போவதையும் முன்பு எழுதியிருந்தேன். ஹட்டன் பக்கத்து மாட்டுக்காரர்கள் பலர் முடிவைக் கேட்கிறார்கள்.

தூள் தின்ற மாடுகளின் இரத்தத்தில் ஈயம் குறைந்திருக்கிறது. ஆனால் தூள் கொடுக்காமல் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த மாடுகளிலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருப்பதால், அதைத் தூளின் பலன் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. நஞ்சின் மூலத்தை அகற்றினாலே இரத்தத்தில் ஈயம் மெல்ல இறங்கும். எலும்பில் படிந்ததோ நெடுநாள் தங்கி, சினைக்காலத்திலும் கறவையிலும் மீண்டும் இரத்தத்துக்கு வரும். சியோலைட் குடலில் இருப்பதைப் பிடிக்கக்கூடும். எலும்பில் இருப்பதைத் தொடாது.

பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, கண் தெரியாமல் கொட்டில் சுவரில் நெற்றியை முட்டி நின்ற கன்றைத் தேற்றியது, கால்நடை வைத்தியர் ஊசியாக ஏற்றிய, ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் கல்சியம் ஈடிடிஏ மருந்தும் விற்றமின் பி1 ஆகிய தயமினும்தான். நோய்க்குறி கண்டால் தூளை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். பாலில் ஈயத்துக்குக் கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத்தர அமைப்பு வகுத்த உச்ச வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம், பரிசோதனை அதற்குக் கீழே காட்டும்வரை இந்த மாடுகளின் பாலைச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றமாட்டோம், லயத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்கமாட்டோம்.