யார் ஆண்டால் என்ன, நம் மனசு நம் கையில் – சரியா, தப்பா?

செந்தூல்காரன்:
நம் மலேசியாவில் 2018 மே முதல் 2022 நவம்பர் வரை, நாலரை ஆண்டில் நாலு பிரதமர்: மகாதீர், முகைதீன், இஸ்மாயில் சப்ரி, அன்வார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ராத்திரி தூக்கம் போனதுதான் எனக்கு மிச்சம். இப்போது அரசியல் பேசும் புலன (வாட்ஸ்அப்) குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் விலகிவிட்டேன். காலையில் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடை, அப்புறம் தியானம். யார் ஆண்டால் என்ன என்று இருந்தால்தான் நிம்மதி. மறுப்பவர்கள் வரலாம்.

ராத்திரி_ஷிப்ட்:
அப்படி இருக்க முடிகிறவர் கொடுத்து வைத்தவர், அண்ணே. என் சித்தப்பா மகள் இந்த நாட்டிலேயே பிறந்தவள். கையில் இருப்பது இன்னும் சிவப்பு அடையாளக் கார்டுதான், குடியுரிமை இல்லை. ஓட்டுப் போட முடியாது. யார் ஆள்கிறார்கள், அவர்கள் சட்டத்தில் எதைத் திருத்துகிறார்கள் என்பது அவளுக்கு வாழ்க்கைப் பிரச்சினை. அவளிடம் போய் ஏரியைச் சுற்றி நடக்கச் சொல்வீர்களா?

செந்தூல்காரன்:
நான் அவளைக் குறை சொல்லவில்லை, தங்கச்சி. ஆனால் நாம் எல்லாரும் சேர்ந்து தினமும் கொதித்ததால் அவளுக்குக் குடிமக்களின் நீலக் கார்டு வந்துவிட்டதா? சுவாமி சிவானந்தரைப் பாருங்கள். இதே மலாயாவில் பத்து ஆண்டு டாக்டராக இருந்தார். 1923-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார். விட்டதால்தான் கிடைத்தது.

ராத்திரி_ஷிப்ட்:
மீதிக் கதையையும் சொல்லுங்கள். ரிஷிகேஷ் பக்கம் போனவர் 1927-ல் அங்கே இலவச மருந்தகம் தொடங்கினார். அவர் விட்டது சம்பளத்தை, நோயாளியை இல்லை.

தண்ணீர்மலை_அடிவாரம்:
பினாங்கிலிருந்து ஒரு கிழவன் குறுக்கே வருகிறேன். 1969 மே 13 இனக் கலவரத்தின்போது நாங்கள் கோலாலம்பூரில் இருந்தோம். ஊரடங்கில் அடைந்து கிடந்த பையன் நான். 2022 நவம்பர் 19-இல் தேர்தல் முடிந்து எவருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போனதே, 24-ஆம் தேதி பிரதமர் பதவியேற்கும் வரை டிக்டாக்கில் என்ன ஓடியது? மறுபடி ஒரு மே 13 வரப்போகிறது என்று மிரட்டும் வீடியோக்கள். அந்தக் கலவரத்தைப் பார்த்தே இராத பிள்ளைகள் அதைப் பரப்பினார்கள். என் பேரன் நடுங்கிப் போய் வந்தான். போனை வாங்கி வைத்துக்கொண்டு தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். 513 படி ஏறி முடித்தபோது அவனுக்குப் பேச மூச்சில்லை, பயமும் பாதி இறங்கியிருந்தது. செந்தூல் தம்பி, வதந்தியை நிறுத்தியது சரி. செய்தியையும் சேர்த்து நிறுத்தியது சோம்பல். (கோபித்துக்கொள்ளாதீர்கள், வயதாகிவிட்டது, இப்படித்தான் பேச வருகிறது.)

செந்தூல்காரன்:
ஐயா, இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால் நான் ஏன் ஓடிவருகிறேன்? 2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில், மசூதி கட்டுவதற்காகப் பத்திரகாளியம்மன் கோயிலை இடம் மாற்றச் சொன்ன விவகாரத்தில் எது உண்மை, எது கட்டுக்கதை என்று எனக்குத் தெரியவே இல்லை. அத்தனை பேர் கத்தினார்கள்.

ராத்திரி_ஷிப்ட்:
கத்தியதில் குப்பை நிறைய இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கோயில் நின்ற நிலம் 2014-லேயே விற்கப்பட்டிருந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? பதினோரு ஆண்டு நாம் ரொம்ப அமைதியாகத்தான் இருந்தோம். கடைசியில் பக்கத்திலேயே மாற்று இடம் என்று பேசி முடித்தார்கள். அது பிடித்தவர்களும் உண்டு, பிடிக்காதவர்களும் உண்டு. யாரும் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சாவது நடந்திருக்குமா?

தியானத்துக்கு நான் எதிரி இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் நெஞ்சு படபடக்கிறவர்களுக்கு நானே சொல்லித் தருகிறேன்: மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள், இதயத் துடிப்பு தணியும். நானும் ஷிப்ட் முடிந்து காரில் உட்கார்ந்து அதைச் செய்கிறேன். அப்புறம்தான் தங்கச்சிக்கு மனு எழுத உட்காருகிறேன். படபடப்போடு எழுதினால் தேதி தப்பாகிறது, மனுப் படிவம் திரும்பி வருகிறது. ஆனால் எழுத வைப்பது கோபம்தான். கோபமும் இல்லையென்றால் அவள் எப்போதோ பதிவு இலாகா கவுண்டருக்குப் போவதை நிறுத்தியிருப்பாள்.

தண்ணீர்மலை_அடிவாரம்:
இந்தப் பெண் சொல்வதற்கு என் ஓட்டு.

செந்தூல்காரன்:
என் நடையையும் தியானத்தையும் விடப்போவதில்லை, குழுக்களிலும் மறுபடி சேரமாட்டேன். ஆனால் மலாய் மனு எழுதுவதில் எனக்கு இருபது வருஷப் பழக்கம். அவளுடைய தாள்களை அனுப்புங்கள், பார்க்கிறேன்.

ராத்திரி_ஷிப்ட்:
அனுப்புகிறேன் அண்ணே. தனிச்செய்தியில்தான், குழுவில் சேர்க்கமாட்டேன்.