கேப் காட் கோடை பேஸ்பால்: ஆகஸ்ட் வரை தாங்கும் அணி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரமான கேப் காட்டில் கோடைதோறும் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான பேஸ்பால் லீக் நடக்கும். யார்மவுத்-டென்னிஸ் ரெட் சாக்ஸ் அணி 2014, 2015, 2016 என்று மூன்று கோடையும் விடாமல் அதை ஜெயித்தது. பயிற்சியாளர் ஸ்காட் பிக்லர் மாறவில்லை. ஆட்டக்காரர்கள் வருஷா வருஷம் மாறும் கல்லூரிப் பையன்கள். சம்பளம் கிடையாது, தங்குவது உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில்.

10 அணியில் 8 பிளேஆஃபுக்கு, அதாவது கடைசி நாக்அவுட் கட்டத்துக்குப் போய்விடும். அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும். அதனால் ஜூனில் முதலிடத்தில் நிற்பதைவிட, ஆகஸ்டில் கை நோகாத பிட்சர் (பந்து வீசுபவர்) எத்தனை பேர் மிச்சம் என்பதுதான் கணக்கு.

*

மேலே சொன்ன பிட்சர் விஷயம் ரொம்ப சரி. இவர்கள் பிப்ரவரியிலிருந்தே கல்லூரிக்காக வீசிக் களைத்து வருகிறவர்கள். 19–22 வயதுக்கு பிட்ச் ஸ்மார்ட் (பிட்சர்களின் கையைக் காக்கும் வழிகாட்டி) அட்டவணையை ஒட்டிப் போங்கள்: ஒரு நாளில் 30 பந்து வரை வீசினால் மறுநாளே வீசலாம், 31–45க்கு ஒரு நாள் ஓய்வு, 46–60க்கு இரண்டு, 61–80க்கு மூன்று, 81–105க்கு நாலு. புல்பென்னில் (மாற்றுப் பிட்சர்கள் தயாராகும் இடம்) உடம்பைச் சூடேற்ற வீசுவது இந்த எண்ணிக்கையில் வராது. இரண்டு தடவை எழுப்பிச் சூடேற்றிவிட்டு இறக்காமலே உட்காரவைத்தால், ஸ்கோர் புத்தகத்தில் பூஜ்யம், தோளில் 40 பந்து. தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

*

பேட்டிங் பக்கம் யாரும் தொடவில்லையே. லீக் 1985 முதல் மரப் பேட்டுக்குத் திரும்பிவிட்டது, கல்லூரியிலோ உலோகம். உலோகத்தில் கைப்பிடிப் பக்கம் பட்டாலும் பந்து உள்களத்தைத் தாண்டி விழும். மரத்தில் அதே அடிக்குப் பேட் இரண்டாகும், பந்து பிட்சர் காலடியில் உருளும். இதைப் புரிந்துகொண்ட பிட்சர் பேட்டரின் கையை ஒட்டியே போடுவான்.

பேட்டருக்கு: பேட்டில் உள்ள கம்பெனி லேபிள் வானத்தைப் பார்க்கப் பிடியுங்கள், அடி பலமான பக்கத்தில் விழும். ஆஷ் மரப் பேட் என்றால் மரத்தின் ரேகை இதழிதழாக உரிய ஆரம்பித்ததுமே பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மேப்பிள் மரம் உரியாது, முன்னறிவிப்பில்லாமல் கூராகப் பிளந்து பறக்கும். கடலோர ஈரத்தில் இரவு முழுக்க டக்அவுட்டில் (மைதான ஓரத்தில் அணி உட்காரும் இடம்) போட்டுவைத்தால் பேட்டின் எடை கூடும். வீட்டுக்குள் எடுத்துப் போய் நிமிர்த்தி வையுங்கள்.

*

இன்னொன்று, ஆள் கையிருப்பு. ஓமஹாவில் கல்லூரி உலகத் தொடர் ஜூன் கடைசிவரை ஓடும், அதில் ஆடுகிறவர்கள் தாமதமாகத்தான் வந்து சேர்வார்கள். அதுவரை தற்காலிக ஆட்டக்காரர்கள். 2021 முதல் டிராஃப்டும் (தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) ஜூலைக்கு வந்துவிட்டதால் தேர்வானவர்கள் பாதியில் கிளம்பிவிடுகிறார்கள். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் மூன்று பேர் கையில் இல்லாவிட்டால் அந்த வாரம் திண்டாட்டம்.

சில மைதானங்களில் விளக்கு இல்லை, சாத்தம் ஊர் மைதானத்தில் மூடுபனி வேறு. உயர அடித்த பந்து வெள்ளையில் மறைந்தால் வெளிக்களத்தில் மூவருமே அசையாமல் நிற்பார்கள். பனி இறங்குகிற மாலையில் நல்ல பிட்சரை முதலிலேயே இறக்குங்கள். ஒன்பது இன்னிங்ஸ் நடக்கும் என்று நம்பி அவனைக் கடைசிக்கு வைக்காதீர்கள்.