மறுமொழி: காயிலோவருக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

காயிலோவர், அதாவது சுருள்வில்லும் தணிப்பானும் (ஷாக் அப்சார்பர்) சேர்ந்த, மரையில் வளையத்தைத் திருகிக் காரின் உயரத்தை மாற்றும் செட், அதற்குத் தமிழ்ப் பெயர் கேட்டிருந்தீர்கள். இங்கே ஐயா சொன்ன 'ஏற்றிறக்கு வில்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. காற்றுப்பை சஸ்பென்ஷனும் காரை ஏற்றும், இறக்கும். அப்போது அதற்கு என்ன பெயர் வைப்போம்?

தங்கை எழுதிய 'மேற்சுருள்' ஆங்கிலத்தின் நிழல் (காயில் என்றால் சுருள், ஓவர் என்றால் மேல்). மக்ஃபர்சன் ஸ்ட்ரட் (தணிப்பானே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் அமைப்பு) உள்ள கார்களில் பெரும்பாலும் முன்பக்கச் சுருள்வில் தணிப்பானைச் சுற்றித்தான் நிற்கிறது, கம்பெனியிலிருந்து வரும்போதே. பின்பக்கமோ பல கார்களில் வில் ஓரிடம், தணிப்பான் வேறிடம். அப்படிப்பட்ட காருக்குக் காயிலோவர் செட் என்று காசு கொடுத்து வாங்கினாலும் பின்னால் போடுவதற்கு வில்லும், உயரம் மாற்ற மரை வெட்டிய ஓர் இருக்கையும், தணிப்பானும் தனித்தனியாகத்தான் பெட்டியில் இருக்கும். ஆக, ஆங்கிலப் பெயரே அந்தக் கார்களின் பின்பாதிக்குப் பொருந்தாது. அதை எதற்கு நாம் பெயர்க்க வேண்டும்?

எங்கள் மொரீஷியஸில் பிரெஞ்சுப் பெயர்தான் புழக்கம்: கொம்பினே ஃபிலத்தே, அதாவது மரை வெட்டிய கூட்டு. ஜெர்மானியரும் கெவிண்டெஃபார்வெர்க் என்று மரையைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதுவே சரியென்று படுகிறது, ஏனென்றால் இந்தப் பொருளை மற்றதிலிருந்து பிரிப்பது அந்த மரையும் அதில் ஏறி இறங்கும் வளையமும்தான்.

முதலில் 'மரைவில்' என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னால் 'மறைவில்' என்று விழுகிறது, விட்டுவிட்டேன். 'மரைத்தாங்கி' என்றால் பேரிங்கோடு குழம்பும். கொஞ்சம் நீளம்தான், இருந்தாலும் 'மரைச்சுருள்வில்' என்பதையே முன்மொழிகிறேன்.

பெயர் சரியாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அடம்பிடிப்பதற்குக் காரணம் என் மச்சானின் ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக். பெட்ரோல் கோனாவுக்கான செட்டை 'எல்லாம் ஒன்றுதான்' என்று ஒரு கடையில் தலையில் கட்டிவிட்டார்கள். மின்சார கோனா அதைவிடச் சுமார் 300 கிலோ கூடுதல் எடை. வில் அதைத் தாங்காமல் அமுங்கிப்போய், ரோஸ்ஹில் பக்கம் ஒரு தொதானில் ஏறி இறங்கும்போது அடியில் பேட்டரிக் கூடு தேய்ந்தது. (தொதான் என்பது எங்கள் வேகத்தடை, பிரெஞ்சில் அதற்குக் கழுதை முதுகு என்று பொருள், எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்.) பெட்ரோல் காரில் தேய்ந்தால் புகைக்குழாயோடு போகும். இங்கே தேய்வது காரிலேயே விலை அதிகமான பாகம். அதனால் மின்சாரக் காருக்கு வாங்கும்போது வில்லின் விறைப்பு, ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்ற கணக்கு, அந்தக் காரின் எடைக்கே சொல்லப்பட்டதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அடுத்த சொல் 'பிரிலோட்', அதாவது காரின் எடை இறங்கும் முன்பே வில்லை அமுக்கி வைத்திருக்கும் அளவு. 'முன்னழுத்தம்' போதும் என்று நினைக்கிறேன். வளையத்தை இறுக்கினால் வில் விறைப்பாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எவ்வளவு அமுங்கினாலும் விறைப்பு மாறாத சீரான வில்லில் அப்படி ஆகாது, கார்தான் உயரும். தணிப்பானின் அடிமுனையைப் பிடிக்கும் கீழ்க்கிண்ணத்திலும் மரை உள்ள வகையில் முன்னழுத்தத்தைத் தொடாமலே உயரத்தை மாற்றலாம், ஆகவே இரண்டுக்கும் இரண்டு சொல் கட்டாயம் வேண்டும். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்காது. அந்த அளவைக் குறிக்க 'நிலையுயரம்' எப்படி? ரப்பர் புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை) போல்ட்டுகளைக் காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்குங்கள், அப்புறம் வீல் அலைன்மென்ட் என்று மச்சானுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன், புஷ்ஷுக்குத்தான் இன்னும் சொல் சிக்கவில்லை. யாராவது கை கொடுங்கள்.